அப்பா சொன்னால் கணக்கில்லை

என் அக்காவின் கணவர் சலூன் வைத்திருக்கிறார். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் வாய் சும்மா இருக்காது. மாமியார் சண்டை, மேனேஜர் தொல்லை, வழுக்கைக் கவலை எல்லாம் கழுத்தில் துணி கட்டியதும் கொட்டிவிடும். மாமா கத்தரியை நிறுத்தாமல் "ம்" போடுவார்.

ஊரே மனம் திறக்கிற ஆளிடம், பெற்ற மகள் மட்டும் எதையும் கொண்டுவருவதில்லை. அதுதான் அவருடைய வயிற்றெரிச்சல்.

பிள்ளைக்கு ஒன்பது வயது. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தாண்டிப் போனாலே, அதில் தான் எதையோ கலந்துவிட்டோமோ, யாராவது குடித்துச் செத்துவிடுவார்களோ என்ற எண்ணம் அவளைப் பிடித்துக்கொள்ளும். உடனே அம்மாவிடம் ஓடுவாள்.

"அம்மா, நான் எதுவும் கலக்கலைதானே?"

"இல்லடா தங்கம்."

கொஞ்ச நேரம் நிம்மதி. மறுபடியும் ஓட்டம். ஒருநாள் மாமா குறுக்கே புகுந்தார்.

"இல்லடா, அப்பா பாத்துக்கிட்டேதான இருந்தேன்."

"நீங்க சொன்னா கணக்கில்லப்பா. அம்மா சொல்லணும்."

அன்றிலிருந்து அக்கா "தங்கம்" என்றாலே மாமாவுக்குச் சோறு இறங்காது. "அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன, வாடகைக்கு இருக்கறவனா?" என்று போனில் என்னிடம் புலம்புவார்.

குழந்தைகள் மனநல மருத்துவர் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: அந்தப் பதில்தான் பயத்துக்குத் தீனி. அவள் கேட்டால் பதில் வேண்டாம், பக்கத்தில் இருங்கள், பயம் தானாக ஏறித் தானாக இறங்கட்டும். பிள்ளையும் தலையாட்டினாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமாவுக்கோ உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இனி அக்காவுக்கும் அந்தப் பெருமை கிடையாது.

அக்கா பதில் சொல்வதை நிறுத்தியதும் பிள்ளை சலூனுக்கு வந்தாள்.

"நீங்களாவது சொல்லுங்கப்பா."

எத்தனை நாள் ஏங்கிய கேள்வி! "இல்லடா கண்ணு" என்றுவிட்டார். பள்ளி விட்டதும் தினமும் வந்தாள். தினமும் சொன்னார். அக்காவின் காதுக்கு எட்ட ரொம்ப நாள் ஆகவில்லை.

"அவ அழறதப் பாத்துக்கிட்டு நான் பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கேன். நீங்க நல்ல பேர் வாங்குறீங்களா? எனக்கு மட்டும் பொறாமை வராதா? ஆனா முன்னவிட இப்பதான் ஜாஸ்தியா கேக்குறா. அது தெரியுதா?"

தெரிந்துதான் இருந்தது.

மறுநாள், பாதி வெட்டியிருந்த ஒரு தலைக்குத் தண்ணீர் தெளிக்க மாமா பாட்டிலை எடுத்தபோது, பிள்ளை வாசலில் நின்றாள்.

"அப்பா, அந்தத் தண்ணியில நான் எதுவும் கலக்கலைதானே?"

நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்தார். "என்னய்யா சொல்லுது புள்ள?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மூன்று பேருக்கும் நிம்மதி. மகளும் தொடர்ந்து அவரைத்தான் தேடி வருவாள். மாமா நாற்காலிக்காரரிடம் திரும்பினார்.

"அது இவளோட பயம் கேக்குற கேள்விண்ணே. நாங்க அதுக்குப் பதில் சொல்றதில்ல."

"அப்ப எனக்கு யாருய்யா பதில் சொல்றது?"

"வேணும்னா நீங்க எழுந்து போகலாம்ணே."

"பாதித் தலையோடயா?" அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "தண்ணிய அடி. வர்றது வரட்டும்."

மாமா தெளித்தார். பிள்ளை விம்மினாள்.

"நீங்களும் அம்மா மாதிரியே ஆயிட்டீங்க. இனிமே உங்ககூட பேச மாட்டேன்."

சொல்லிவிட்டு வெளியே போகாமல், பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். மாமா கத்தரியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் அமர்ந்தார்.

"என் தலை?" என்றார் நாற்காலிக்காரர், கண்ணைத் திறக்காமலே.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. இவளுக்கு இது இறங்கட்டும்."