அது பட்டு வாடை இல்லை

ரெஜினா அக்காவைக் கொன்றது, பதினாறு வருடங்களுக்கு முன் எடுக்காமல் விட்ட ஒரு சொட்டு ரத்தம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அவருடைய பக்கத்து வீட்டு அம்சாக்கா போன் செய்தார். "ரெஜினா போயிடுச்சுபா. சாமு பக்கத்துலயே குந்திக்கினு இருக்கறான்." மாரடைப்பு என்றார் டாக்டர், விழுந்து நாலு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார். அவ்வளவு நேரமும் மகன் சாமுவேல் பக்கத்தில்தான் இருந்திருக்கிறான். பதினாறு வயது. பேச்சு வராது. கதவைத் திறந்து ஒருவரைக் கூப்பிடத் தெரியாது. அம்மாவின் வளையலை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவன் இப்படி ஆகியிருக்க வேண்டியதில்லை.

சாமுவுக்கு இருப்பது பினைல்கீட்டோனூரியா, சுருக்கமாக பி.கே.யு. பால், பருப்பு, முட்டை, கறியில் இருக்கும் புரதத்தின் ஒரு பகுதியை அந்த உடம்பால் கையாள முடியாது. அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உடனே சாப்பாட்டை மாற்றினால் குழந்தை மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும். அவன் பிறந்த இடத்தில் எடுக்கவில்லை.

நோய் தன்னைக் காட்டிக்கொள்ள இன்னொரு வழியும் உண்டு. அந்தக் குழந்தைகளின் மூத்திரத்திலும் வியர்வையிலும் எலி வளை போல ஒரு வாடை அடிக்கும். அக்கா ஐயம்பேட்டையில் ஒரு சாயப்பட்டறையில் கச்சாப் பட்டைக் கொதிக்கவைத்துப் பசை நீக்கும் வேலை பார்த்தார். அந்த வேலையின் வாடை சேலையில் ஏறும், விரலில் ஏறும், எந்த சோப்புக்கும் போகாது. "என் கை நாத்தம்னு நெனச்சேன்பா," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "புள்ளைய தொடறதுக்கு முன்னாடி கழுவிக் கழுவிப் பார்த்தேன். பதினோரு மாசம்." குழந்தையின் முடி வேறு செம்பட்டையாக மினுங்கியதாம். பட்டு நூல் மாதிரி என்று தெருவே கொஞ்சியிருக்கிறது. வெளுப்பைக் கண்டால் மயங்குகிற ஊரில் நோய்கூட அழகுதான்.

எனக்கு அவர் அறிமுகமானது மூன்று வருடங்களுக்கு முன். ஷேர் ஆட்டோவில் என் மனைவி கவிதாவின் மடியில் எங்கள் ஐந்து வாரக் குழந்தை நிலா. எதிரே இருந்த அக்கா குனிந்து குழந்தையை மோந்து பார்த்தார். கவிதா பயந்து பாதி வழியில் இறங்கிவிட்டாள். அவரும் இறங்கி வீடுவரை வந்தார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். மறுநாளும் அக்கா வந்தார், மறுபடியும் திட்டினேன். மூன்றாம் நாள் சாமுவை அழைத்து வந்து வாசலில் நிறுத்தினார். வாயோரம் எச்சில், விரல்களை முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டே நின்றான்.

"இவனும் இதே மாதிரி மடியில கெடந்தவன்தான். டெஸ்ட் எடுக்கிறியா, இல்ல இன்னும் கொஞ்சம் திட்டணுமா?"

எடுத்தோம். அவர் சொன்னது சரி.

சரிகை நிறுக்கிற சின்னத் தராசைக் கொடுத்து, சோற்றைக் கிராமில் நிறுக்கப் பழக்கினார். ஜவ்வரிசியில் இட்லி செய்யக் கற்றுக்கொடுத்தார். பாலுக்குப் பதிலாகக் கொடுக்கிற மருந்துப் பவுடர் டின் கிடைக்காத வாரங்களில் இன்னொரு குடும்பத்திடம் பாதி டின் வாங்கி வந்தார். நிலாவின் முதல் பிறந்தநாளில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த ஒவ்வொருவரையும் மிரட்டினார். "எந்தக் கை ஊட்டுதோ அந்தக் கைக்கு அரக்கு சாயம் ஏத்திடுவேன்."

போன வருடம் ஊட்டிய கை என்னுடையது. கோயில் இட்லி, பாதிக்குப் பாதி உளுந்து. பிரசாதத்தை மறுக்க மனம் வராமல் ஒரு விள்ளல் கொடுத்துவிட்டேன். அக்கா திட்டவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போய், சாமுவுக்குக் கஞ்சி ஊட்டச் சொன்னார். ஒரு கிண்ணத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பாதி என் சட்டையில். "நீ ஒரு தடவ, உங்கம்மா ஒரு தடவ, சாமி ஒரு தடவ. மூளை எத்தினி தடவ தாங்கும், சொல்லு."

பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் ரத்தம் எடுங்கள் என்று மனு மேல் மனு கொடுத்தார். அபூர்வ நோய்தானே என்று திருப்பி அனுப்பினார்கள். "அபூர்வம்னா, யாருக்கும் இல்லன்னு அர்த்தமாபா?" என்று என்னிடம் கேட்டார். கேட்க வேண்டியவர்களிடமும் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

புதன்கிழமை அடக்கம். சாமு பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மாகறலில் இருக்கும் அவன் சித்தி இந்த வாரம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அடுத்த வாரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

துக்கத்துக்காக அம்சாக்காவின் மகள் திருமுக்கூடலிலிருந்து, புகுந்த வீட்டில் பிறந்த இரண்டு மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். ரெஜினா அக்கா பார்த்திராத குழந்தை. ஷாமியானாவுக்குக் கீழே அது மடி மடியாக மாறிக்கொண்டிருந்தது. செம்பட்டை முடி. வெள்ளைக்காரன் தோத்தான் போ, என்றார் யாரோ. என் கைக்கு வந்தபோது குனிந்தேன்.

ரத்தம் எடுத்தார்களா என்று கேட்டேன். அம்சாக்காவின் முகம் மாறியது. பதினாறு வருடம் சாமுவுக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர், அவரும் அதே பட்டறைதான்.

"காலைலருந்து நான்தான் தூக்கி வச்சிக்கினு இருக்கறேன், தம்பி. பட்டு வாடை. என் கை நாத்தம்." குழந்தையை வாங்கிக்கொண்டார்.

பெட்டியைத் தூக்கினார்கள். போய் வாருங்கள் அக்கா, என்று மனசுக்குள் சொன்னேன். அவர் இருந்தால் இந்நேரம் என்ன செய்வார் என்பது தெரியும். அதையே சத்தமாகச் சொன்னேன்.

"நாளைக்குக் காலைல நானே கூட்டிக்கினு போறேன். குதிகால்ல ஒரு சொட்டு. குழந்தைய குடுங்கக்கா."

அம்சாக்கா குழந்தையின் கால்களைத் துணிக்குள் இழுத்து மூடினார்.