வள்ளியம்மை திருப்பிக் கேட்ட களிமண்

வள்ளியம்மை என் வீட்டுக்காரரின் தங்கை. தன்னைப் பற்றி அவளாக ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அதனால் நான் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது, மருமகள் எழுதுகிறாள்.

திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே நெட்டேரி. முப்பது வருஷமாக வள்ளியின் பிழைப்பு அதற்குள்தான். விடிந்ததும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தாமரைப் பூவும் இலையும் பறித்து, ஏழரை மணி பஸ்ஸில் பூக்கடைக்குக் கொண்டுபோவாள். ஒரு கொடியைக்கூட வேரோடு இழுக்கமாட்டாள். கோரைக்குள் நீர்க்கோழி முட்டை வைத்திருந்தால், குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அந்தப் பக்கமே போகமாட்டாள். பூ அழுகினாலும் சரிதான். கேட்டால், "அதுவும் பிள்ளை பெத்தவதானே அண்ணி" என்பாள்.

அந்த ஏரி வரவர மேடு தட்டிப்போய், பங்குனியிலேயே வற்ற ஆரம்பித்தது. தூர் வாரச் சொல்லி மூன்று வருஷம் மனு கொடுத்தவள் வள்ளிதான். போன சித்திரையில் ஒருவழியாகப் பொக்லைன் வந்தது. ஏரிக் கமிட்டிக்கு என் மகன் அறிவுமதி தலைவர், அவன்தான் மேற்பார்வை. வள்ளி தாமரைக் கிழங்கை எல்லாம் பதமாகத் தோண்டி எடுத்துத் தன் வீட்டுக் குளியல் தொட்டியில் சேறு போட்டு ஊன்றி வைத்தாள். அன்றிலிருந்து அவளுக்குக் குளியல் தெருக்குழாயில்.

தோண்டிய மண்ணை ஊரே அள்ளியது. நானும் நாலு டிராக்டர் களிமண் வாங்கிக் கொல்லையில் கொட்டினேன். முந்தின மழையில் அடுப்படி வரைக்கும் வெள்ளம் வந்த வீடு இது. மேடாக்கி, நடுவில் ஒரு முருங்கைப் போத்தும் ஊன்றினேன்.

ஐந்தாம் நாள் வள்ளி மெஷின் டிரைவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினாள். இறங்கினவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"அறிவு, வண்டியை நிறுத்துப்பா. களி முடிஞ்சிடுச்சு. காலுக்குக் கீழ மணல்."

"அத்தை, இன்னும் ரெண்டு அடி. ஆழம் போனாத்தானே தண்ணி நிக்கும்?"

"தண்ணி கேட்டு மனு குடுத்ததும் இவங்கதான், இப்ப வேண்டாங்கறதும் இவங்கதான்" என்று கரையில் ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

வள்ளி பள்ளத்திலிருந்து ஏறினாள். குழாயடிக்குப் போய் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்றை மேலே தோண்டாத களியில் ஊற்றினாள். மற்றதைப் பள்ளத்தில் ஊற்றினாள். பள்ளத்துத் தண்ணீர், அவள் குடத்தை நிமிர்த்துவதற்குள் காணாமல் போனது. களியில் ஊற்றியது அப்படியே நின்றது. ஒரு காக்கா வந்து குடித்துவிட்டுப் போனது. கரையில் சிரிப்பு நின்றது. அறிவுமதி முகம் சுண்டிப்போய் டிரைவரிடம் கையைக் காட்டினான்.

ஆனால் அதற்குள் இரண்டு மனைக்கட்டு அகலத்துக்கு மணல் திறந்துவிட்டது. ஏரிக்கு அடியில் ஓட்டை விழுந்த மாதிரிதான். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் அதைக் களியால் மூடி மிதித்தாக வேண்டும். இல்லாவிட்டால் வருகிற தண்ணீரை எல்லாம் அது குடித்துவிடும். தாமரையும் இல்லை, நீர்க்கோழியும் இல்லை, வள்ளிக்கு ஏழரை மணி பஸ்ஸும் இல்லை. களியோ வீட்டுக்கு வீடு கொல்லையில் கிடக்கிறது.

முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தாள், மண்வெட்டியும் கையுமாக.

"முடியாது" என்றேன். "மழைக்கு நீ வந்து என் அடுப்படியில் தண்ணி இறைப்பியா?"

"இறைக்கிறேன்."

"ஊர்ல வேற வீடே இல்லியா வள்ளி?"

"இருக்கு அண்ணி. தோண்டினது உங்க பிள்ளை. உங்க வீட்டு மண்ணு வராம அடுத்த வீட்டு வாசல்ல நான் என்ன சொல்லி நிக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம். "அள்ளிட்டுப் போ. முருங்கையைச் சுத்தி ஒரு கூடை மண்ணு மட்டும் தொடக்கூடாது" என்றேன். "அதைத் தொடலே" என்று சொல்லிவிட்டு வெட்ட ஆரம்பித்தாள்.

என் வீட்டு மண் ஏரிக்குப் போனதைப் பார்த்ததும் மற்றவர்கள் தாமாகவே கொண்டுவந்து கொட்டினார்கள். நாற்றங்காலுக்குச் சேறு மிதிக்கிற மாதிரி, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஒரு முழ உயரத்துக்கு மிதித்தார்கள். என் மகன்தான் முதல் ஆளாக இறங்கி மிதித்தான். வெயிலில் கால் கொப்பளித்துவிட்டது. நான் எண்ணெய் போட்டுவிட்டேன். ஆனால் அத்தை பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் போட்டேன்.

ஆனி பிறந்தது. தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வர இரண்டு நாள்தான் இருந்தது. வள்ளி மறுபடி வந்து வாசலில் நின்றாள்.

"என்னடி?"

"வடகிழக்கு மூலை அண்ணி. ஒரே ஒரு கூடை குறையுது."

நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அரை மணி நேரம் முருங்கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அது இரண்டு துளிர் விட்டிருந்தது. பிறகு அதைப் பிடுங்கி வேலி ஓரமாக ஊன்றிவிட்டு, மண்ணைக் கூடையில் அள்ளி நானே இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். கூடையை யார் கையிலும் கொடுக்கவில்லை. அந்த மூலையை நான்தான் மிதித்தேன், வள்ளியின் தோளைப் பிடித்துக்கொண்டு.

தண்ணீர் வந்தது. ஏரி நிறைந்து மதகை மூடியதும் வள்ளி ஒரு மூங்கில் கோலை நட்டு, தண்ணீர் மட்டத்தில் துணி கட்டினாள். தினமும் காலையில் போய்ப் பார்ப்பாள். வந்து என்னிடம் எதுவும் சொல்லமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். பத்தாம் நாள் வந்து, "ரெண்டு விரக்கடைதான் இறங்கியிருக்கு. அது வெயில் குடிச்சது" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

தொட்டியில் இருந்த கிழங்கெல்லாம் மறுநாளே ஏரிக்குப் போய்விட்டது. போன வாரம் முதல் இலை வந்திருக்கிறது, ஒரு ரூபாய்க் காசு அளவில். எங்கே தெரியுமா? வடகிழக்கு மூலையில். அது என் மண். அந்த மூலையில் பூக்கிற முதல் பூ என் வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

"நீர்க்கோழி அங்க கூடு கட்டாம இருந்தா பார்க்கலாம் அண்ணி" என்கிறாள்.