கிரேனிலிருந்து விழுந்த கத்திரிக்காய்

பகல் பன்னிரண்டே காலுக்கு ஏழாம் நம்பர் கிரேனுக்குக் கீழே நிற்கக் கூடாது. இது துறைமுகத்தார் எழுதி மாட்டிய விதி இல்லை, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதலில் ஒரு வெண்டைக்காய் விழும். பிறகு அவரைக்காய்ப் பொரியல், பிடி பிடியாக. கடைசியில் குழம்போடு ஒரு கத்திரிக்காய் வந்து சிமெண்டுத் தரையில் தொப்பென்று நசுங்கும். காகங்களுக்கு இந்த நேரம் அத்துப்படி. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போதே பத்துப் பதினைந்து வந்து தண்டவாளத்தில் வரிசையாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

மார்கழியில் ஒருநாள் கத்திரிக்காய் என் தோளில் விழுந்தது. சலவை செய்து போட்ட வெள்ளைச் சட்டை. வயிற்றெரிச்சல் தாங்காமல் மேலே பார்த்துக் கத்தினேன். ஐம்பது அடி உயரத்தில் கூண்டின் ஜன்னல் திறந்து ஒரு மீசை எட்டிப் பார்த்தது.

"மன்னிச்சுக்கோ டேலி சார்! காத்து இஸ்துகினு பூட்ச்சு!"

கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணுகிற டேலி கிளார்க் நான். மீசைக்காரர் கிரேன் ஓட்டுகிற இக்னேஷியஸ். பேரேட்டில்தான் இக்னேஷியஸ், ராயபுரத்தில் இஞ்ஞாசி. என் வீட்டுக்கு அடுத்த தெரு. வயது நாற்பத்தாறு. அவருடைய அப்பா, சித்தப்பா எல்லோரும் கட்டுமரக்காரர்கள். கடலுக்குப் போகாமல் கிரேனில் ஏறிய முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் இவர்தான். அதில் அவருக்குள்ள கர்வத்தைச் சொல்லி மாளாது. சும்மா சொல்லக் கூடாது, கர்வப்படத் தகுந்த கைதான். கண்ணாடி அடைத்த பெட்டியை லாரியில் இறக்கினால், இறங்கியது லாரி டிரைவருக்கே தெரியாது. முன்னால் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பான்.

கூண்டுக்குள் காலால் மிதித்தால் அடிக்கும் மணி ஒன்று இருக்கிறது. மற்ற கிரேன்காரர்கள் அதைக் காரணமே இல்லாமல் அடித்துக்கொண்டிருப்பார்கள். இஞ்ஞாசி தொட மாட்டார். நான் ஒருமுறை கேட்டேன்.

"அத்த அட்ச்சா கீய ஒரு உசுரு மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம் சார். சும்மா சும்மா அட்ச்சுகினு இருந்தா, மெய்யாலும் அடிக்கிற அன்னிக்கு எவன் நவுருவான்?"

எட்டு வருடத்தில், போன வாரம் வரைக்கும், அந்த மணியை நான் கேட்டது ஒரே ஒரு தடவை. போன ஐப்பசியில். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் மீன் சாப்பிடுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பார்க்க வேண்டும். நான் சைவம். இருந்தும் பார்த்துக்கொண்டே இருப்பேன். சங்கரா மீன் தலை ஒன்றை வாயில் வைத்தால் பத்து நிமிடத்துக்குப் பேச்சு கிடையாது. உள்ளே என்னென்னவோ வேலை நடக்கும். கடைசியில் சுத்தமான எலும்பு மட்டும் ஒவ்வொன்றாக வெளியே வரும். அவற்றைத் தட்டின் ஓரத்தில் பெரிது, சிறிது என்று வரிசையாக வைப்பார். காரப்பொடி என்று விரல் நீளத்தில் ஒரு பொடிமீன் உண்டு, உடம்பெல்லாம் முள். மற்றவர்கள் பயப்படுகிற அந்த மீன்தான் அவருக்கு உயிர்.

காய்கறி மட்டும் ஆகாது. பிறந்ததிலிருந்து ஆகாது. கருவாட்டுக் குழம்பில் கிடக்கிற கத்திரிக்காயைக்கூட ஏதோ செத்த எலியைத் தள்ளுவதுபோல் ஒரே விரலால் தள்ளி வைப்பார்.

"அதுல இன்னா சார் கீது? வாயில போட்டா கொயகொயன்னு உள்ள பூடுது. வாய்க்கு ஒரு வேல வாணாமா?"

அவர் மனைவி சிலுவையம்மாள். கட்டுமரம் கரையேறும் நேரத்துக்குக் காசிமேடு போய்க் கூடை எடுத்துவந்து, மாதா கோயில் முனையில் உட்கார்ந்து ஒன்பதரைக்குள் விற்றுத் தீர்ப்பவர். பதினொன்றுக்குச் சமையல் முடிந்துவிடும். அங்கம்மா என்ற பெண்மணி பதினைந்து வீட்டுச் சாப்பாட்டை ஒரே கூடையில் சுமந்து துறைமுகக் கேட்டில் கொடுப்பார். இஞ்ஞாசி கூண்டிலிருந்து கயிறு இறக்க, நாங்கள் யாராவது கேரியரைக் கட்டிவிடுவோம். ஏறி இறங்கினால் பாதி இடைவேளை ஏணியிலேயே போய்விடும் என்பார். அது பொய் என்று ஐப்பசியில்தான் தெரிந்தது.

அன்று இரும்புத் தகட்டுக் கட்டு ஒன்று அந்தரத்தில் வந்துகொண்டிருந்தது. பாதியில் நின்றது. நின்ற மறுநொடி மணி அடித்தது, விடாமல் அடித்தது. கீழே இருந்த பன்னிரண்டு பேரும் சிதறி ஓடினோம். எதுவும் விழவில்லை. மணி மட்டும் நின்றுபோனது. ஃபோர்மேன் ஏறிப் பார்த்தபோது, பிரேக்கை இறுகப் பிடித்த கை பிடித்தபடியே இருக்க, ஆள் நினைவில்லாமல் கிடந்தார். கண் இருட்டுகிறது என்று தெரிந்ததும் பாரத்தை நிறுத்திப் பூட்டி, எங்களை விரட்டிவிட்டுத்தான் மயங்கியிருக்கிறார். அந்தப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

துறைமுக டாக்டர் பார்த்துவிட்டு மூலநோய் என்றார். வருடக்கணக்காக ரத்தம் போயிருக்கிறது. வெளியே சொல்ல வெட்கம். ஏணி ஏறினால் உயிர் போகிற வலி. அதைத்தான் நேரம் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு மாதம் லீவு கொடுத்து, மாத்திரை எழுதி, டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "கறியும் மீனுமே தின்னா வயிறு இப்படித்தான் இறுகும். தினமும் காய், கீரை சாப்பிடணும். உயிரோட இருக்கிற வரைக்கும் சாப்பிடணும். சித்திரையில மறுபடி பார்ப்பேன். ரத்தம் ஏறலைன்னா கிரேன் கிடையாது. ஷெட்டுல ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியதுதான்."

மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். காய்தான் மேலேயிருந்து விழுந்தது.

பாவம், சிலுவையம்மாளுக்கு இது தெரியாது. "கேரியரு கயுவி வச்சா மாரி வருது அண்ணி, ஒரு பருக்க இல்ல" என்று என் மனைவியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் தையில் ஒருமுறை ரத்தத்தைச் சோதித்தார்கள். இம்மியும் ஏறவில்லை. அன்று சாயங்காலம் அந்த அம்மாள் எங்கள் வாசலில் நின்று அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. காகங்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஆமாம், காட்டிக்கொடுத்தது நான்தான்.

"அடப்பாவி மன்சா! காக்காவுக்கா நான் ஆக்கிப் போட்டுகினு கீறேன்!"

அடுத்த தெருவில் நடந்த ரகளை எங்கள் வீட்டுக்குக் கேட்டது. இஞ்ஞாசி என்னோடு நான்கு நாள் பேசவில்லை. நானும் பேசவில்லை. சட்டைக் கறை இன்னும் போகவில்லையே!

பிறகு சிலுவையம்மாள் தந்திரத்தில் இறங்கினார். சேனைக்கிழங்கை வஞ்சிரத் துண்டுபோல வளைவாக நறுக்கி, அதே மிளகாய் மசாலா தடவிப் பொரித்து வைத்தார். ஒரு கடி. "முள்ளு எங்கமே?" என்று கேட்டு எழுந்துவிட்டார் மனிதர். கீரையை அரைத்து மீன் குழம்பில் கலந்தார். "கொயம்பா இது? பாசி புட்ச்ச குட்ட மாரி கீது. என்ன டபாய்க்காதமே!"

மாசியில் விபூதிப் புதன் வந்தது. ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாளுக்கு முன்னால் நாற்பது நாள் கிறிஸ்தவர்களுக்குத் தபசு காலம். பிடித்த ஒன்றை விடுவார்கள், அல்லது கஷ்டமான ஒன்றைச் செய்வார்கள். அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது என்பார்கள். இஞ்ஞாசி வருடா வருடம் ஒப்புக்கொடுப்பது வெற்றிலை. அது போட்டாலும் போடாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். இந்தத் தடவை சிலுவையம்மாள் கோயில் படியிலேயே மடக்கிவிட்டார். இரண்டு பேர் நெற்றியிலும் சாமியார் பூசிய சாம்பலின் ஈரம்கூடக் காயவில்லை.

"யோவ், வெத்தல எல்லாம் ஆண்டவருக்கு வாணாம். நீ காய் துன்னு. உனக்கு அத்த வுட கஷ்டம் இன்னா கீது, சொல்லு?"

நெற்றியில் சாம்பலோடு நிற்கிறவர் என்ன சொல்ல முடியும்? தலையாட்டிவிட்டார். ஆட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்திருக்கிறது.

வாக்கு என்றால் வாக்கு. சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, காயை மெல்லாமல் தண்ணீரோடு விழுங்குவார். கேரியரில் ஒரு துண்டு மிஞ்சாது. காகங்கள் ஒரு வாரம் காத்திருந்துவிட்டு ஐந்தாம் நம்பர் கிரேனுக்குப் போய்விட்டன. எனக்கு ஒரே சந்தோஷம். சிலுவையம்மாளுக்கு இல்லை.

"முயுங்குறது நாப்பது நாளைக்கு அண்ணே. நாப்பத்தோராவது நாளு? டாக்டரு உசுரு உள்ள மட்டும் துன்னணும்னுதானே சொன்னாரு?"

அந்த ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். இஞ்ஞாசி சங்கராத் தலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சிலுவையம்மாள் கையில் சோற்றுக் கரண்டியோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாய்க்கு வேல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் காலை மீன் கூடையில் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வீடு திரும்பினார்.

அந்த வீட்டில் முருங்கைக்காய் நுழையாமல் இல்லை. ஆனால் நுழைந்ததெல்லாம் சாம்பாரில். சாம்பார் என்றால் இஞ்ஞாசி தட்டையே திருப்பிக்கொள்வார். இந்தத் தடவை சிலுவையம்மாள் காரப்பொடிக் குழம்பில், புளியும் மாங்காயும் தூக்கலாகப் போட்டு, மீன் நீளத்துக்கே முருங்கைக்காயை நறுக்கிப் போட்டிருக்கிறார்.

அன்று ஒரு மணிக்குக் கொக்கி அசையவில்லை. ஃபோர்மேன் கீழேயிருந்து கத்தினார். மறுபடி மயக்கமோ என்று நான் ஏணிப் பக்கம் ஓடினேன். இரண்டாவது கத்தலுக்கு ஜன்னலில் மீசை தெரிந்தது. வாய் நிறைய ஏதோ இருந்தது. இரு என்று கை மட்டும் காட்டியது. கேரியர் இறங்கி வந்ததும் திறந்து பார்த்தேன், என் புத்தி அப்படி. மூடியின் ஓரத்தில் மென்று வழித்த முருங்கைச் சக்கைகள், பெரிது சிறிது என்று வரிசையாக இருந்தன.

அதற்குப் பிறகு வேகமாகத்தான் நடந்தது. முருங்கைக்காயோடு ஒட்டிக்கொண்டு வந்த கத்திரிக்காய் உள்ளே போனது. மென்று துப்பலாம் என்பதால் கீரைத்தண்டு போனது. தண்டு போனபின் கீரையும் போனது. "இன்னிக்கு இன்னா காய்?" என்று ஒருநாள் அங்கம்மாவை விசாரித்ததாகவும் கேள்வி.

நான்காவது வாரம், டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகமே சரியில்லை.

"டேலி சார், ஒரு பேஜாரு. காய் ருசியா கீது."

"நல்லதுதானே?"

"இன்னா நல்லது? நான் தபசுக்குத் துன்றேன். ருசிச்சுத் துன்னா அது தபசா? ஆண்டவரையே ஏமாத்திகினு கீறேன் சார்."

சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்திலும் போய்ச் சொல்லியிருக்கிறார். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியாருக்கு வெகுநேரம் இருமல் வந்ததாம். பிறகு, பரவாயில்லை என்று மாதா ஜெபமான அருள் நிறைந்த மந்திரத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னாராம். இஞ்ஞாசிக்கு மனசு ஆறவில்லை. ருசிப்பதை விடுவதுதான் தபசு, ஆகையால் பாஸ்கு வரைக்கும் காயை நிறுத்திவிடப் போகிறேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டர் சொன்ன நாளுக்கு ஒரு மாதம்கூட இல்லை. கையோடு அவரை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், சிலுவையம்மாளிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். காட்டிக்கொடுக்கிற தொழில் எனக்குப் பழகிவிட்டது.

அந்த அம்மாள் கோபப்படவே இல்லை. மீன் அரிந்துகொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார்.

"சர்தான். ருசிக்கிறத வுடணும்னா மீன வுடு."

"மீனா?"

"ஆமா, மீனு. அதான் மெய்யான தபசு."

"கருவாடு?"

"கருவாடு இன்னா, செடியிலயா காய்க்குது?"

இஞ்ஞாசி என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். கடைசியில், "சரிமே" என்றார். அரிந்த மீனை அம்மாள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். மீன் விற்கிற வீட்டில் பதினெட்டு நாள் மீன் வாசனை கூடையோடு நின்றது. தாம் மட்டும் எப்படித் தின்பது என்று சிலுவையம்மாளும் தொடவில்லை. முருங்கைக்காய் வெறும் புளிக்குழம்பில் வந்தது. அதையும் அவர் ருசித்துத்தான் சாப்பிட்டார். ஆனால் இப்போது அவருக்கு மனசாட்சி உறுத்தவில்லை.

பாஸ்கு முடிந்த மறுவாரம் டாக்டரிடம் போனார். சிலுவையம்மாள் அன்று காசிமேட்டுக்கே போகவில்லை. துறைமுகக் கேட்டுக்கு வெளியே அங்கம்மாவோடு முக்காடு போட்டுக்கொண்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். ரத்தம் போவது நின்றிருந்தது. சோதனையிலும் நன்றாக ஏறியிருந்தது. என்ன சாப்பிட்டீர் என்று டாக்டர் கேட்டதற்கு, "தபசு சார்" என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கிரேன் ஏறலாம் என்று எழுதிக் கொடுத்தார். சிலுவையம்மாள் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாய்விட்டு அழுதார்.

இப்போது வீட்டில் மீனும் உண்டு, காயும் உண்டு. போன வாரம் பகல் பன்னிரண்டே கால் இருக்கும். பழைய பயத்தில் நான் ஏழாம் நம்பருக்கு இருபது அடி தள்ளித்தான் நின்றிருந்தேன். திடீரென்று மேலே மணி அடித்தது. நின்று நின்று இல்லை, ஒரே அடியாக. ஐப்பசியில் கேட்ட அதே மணி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஃபோர்மேன் கொக்கியைப் பார்த்தார், அது வெறுமையாகத் தொங்கியது. நான் கீழே பார்த்தேன், ஆள் யாரும் இல்லை. சிமெண்டுத் தரையில், மேலேயிருந்து கைதவறி விழுந்த ஒரு முருங்கைக்காய்த் துண்டு குழம்போடு கிடந்தது. அதை நோக்கி ஒரு காகம் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தது. இஞ்ஞாசி ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரை நீட்டிக்கொண்டு, குழம்புக் கையை வீசி வீசி அதை விரட்டிக்கொண்டிருந்தார். கால் மட்டும் உள்ளே மணியின் மேலேயே இருந்திருக்க வேண்டும், அது நிற்கவே இல்லை.