யார் வீட்டுச் சாம்பார்

பழனிவேலு போய்விட்டார் என்ற செய்தி, ஹிஞ்சேவாடி நெரிசலில் கம்பெனி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது வந்தது. நம் தமிழ் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய படம், கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். முதலில் நான் நம்பவில்லை. யார் யார் வருத்தப்படுகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே இப்படியொரு வதந்தியைக் கிளப்பக்கூடிய மனிதர். கட்கியில் அவர் வீட்டுக்கு போன் செய்தேன். அவர் மனைவி எடுத்து, "ஆமாம்மா, காலைல டீ குடிச்சினேதான் இருந்தாரு" என்றார்.  அப்போதுதான் நம்பினேன்.

மறுநாளே நம் ஆண்டு மலர்க் குழுவிலிருந்து கேட்டார்கள். அஞ்சலிக் கட்டுரையை நான்தான் எழுத வேண்டுமாம். அட்டையில் அவர் படத்துக்குக் கீழே, அவர் கதையில் வரும், உங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான 'அப்பா நாளைக்கு வந்தார்' என்ற வரியைப் போடுகிறார்களாம், சரிதானே என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த வரி அவருடையதுதானா என்ற சந்தேகம் எனக்குப் பல வருடங்களாக உண்டு.

அந்தச் சந்தேகப் புத்தியை எனக்கு ஒட்டவைத்தவரே அவர்தான். வேலை முடிந்து தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது தினமும் அவர் பையைச் சோதிப்பார்கள். நம் ஆண்டு மலருக்கு வரும் கதைகளையும் கவிதைகளையும் அவர் அதே கண்ணோடுதான் படித்தார். ஒரு முறை கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் கவிதை அனுப்பியிருந்தான். எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. இவர் எங்கள் முன்னாலேயே அவனுக்கு போன் போட்டார்.

"தம்பி, சாம்பார் ஜோரா கீது. யார் வூட்டுது?"

அவன் தடுமாறி, தனக்குப் பிடித்த கவிஞருக்குச் செய்த மரியாதை என்றான்.

"ருசி பாத்துட்டு வந்து நம்ம வூட்ல வெச்சா அது மரியாதை. கிண்ணத்தோட தூக்கினு வந்தா அதுக்கு வேற பேரு, தம்பி."

அந்தக் கவிதை மலரில் வரவில்லை. நாங்கள் சிரித்தோம். அந்தக் கிண்ணம் ஒருநாள் என் வீட்டிலிருந்தே போகும் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெய்ப்பு பார்க்க என் வீட்டுக்கு வந்திருந்தார். என் கணவர் வேலை விஷயமாக வெளியூர் போய் முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். ஒன்றாம் வகுப்பில் படித்த என் மகள் தாரா ஓடிவந்து, "அங்கிள், அப்பா நாளைக்கு வந்தாங்க!" என்றாள். இந்தியில் நேற்றும் 'கல்', நாளையும் 'கல்'. இந்தி புழங்கும் இந்த ஊரில் வளரும் நம் பிள்ளைகள் தமிழிலும் அதைக் குழப்பிக்கொள்வது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சிரித்துக்கொண்டே திருத்தினேன். அன்றிரவே அந்த வரியை வைத்து ஒரு கதையும் ஆரம்பித்தேன். பழனிவேலு மட்டும் சிரிக்கவில்லை. கையில் டீயோடு அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அப்போதே கவனித்தேன்.

என் கதை முடிவதற்குள் அவருடைய கதை வந்துவிட்டது. வேலைக்குப் போன அப்பா திரும்பிவராத வீட்டில், வாசலில் நின்று போவோர் வருவோரிடமெல்லாம் 'அப்பா நாளைக்கு வந்தார்' என்று சொல்லும் பையனின் கதை. படித்ததும் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. நேரே கட்கிக்குப் போனேன்.

"என்னங்க இது, கிண்ணத்தோட தூக்கிட்டீங்களே?"

"கிண்ணம் உங்களுதுன்னா இப்பவே குடுத்துடறேன் மேடம். அது பாப்பாவுதாச்சே. நீங்க அவளாண்ட கேட்டீங்களா?"

பேச்சை மாற்றுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு கூட்டங்களில் வணக்கம் சொல்வதோடு நிறுத்திக்கொண்டோம். அவருடைய தொகுப்பு வெளிவந்தபோது முதல் பக்கத்தில் 'நாளைக்கு வந்த பாப்பாவுக்கு' என்று போட்டிருந்தார். எல்லோரும் நெகிழ்ந்தார்கள். எனக்கு அது, எடுத்த பொருளுக்கு எடுத்தவரே ரசீது எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

இந்தக் கட்டுரையில் அதையெல்லாம் போட்டு உடைத்துவிடுவது என்று உட்கார்ந்தேன். ஒரு சாட்சி வேண்டுமே என்று, இப்போது கல்லூரியில் படிக்கும் தாராவைக் கூப்பிட்டு அந்தத் தொகுப்பைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"இது நீ சொன்னது. ஞாபகமிருக்கா?"

"இருக்கேம்மா. அங்கிள் கேட்டாங்களே."

"என்ன கேட்டார்?"

"நீ கிச்சன்ல இருந்த. 'பாப்பா, உன் வார்த்தையை நான் எடுத்துக்கட்டா?'ன்னு கேட்டாங்க. நான் 'லே லோ', எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டேன்."

ஆறு வயதில் நடந்தது இவ்வளவு துல்லியமாகவா நினைவிருக்கும்? செத்துப்போன அங்கிளைக் காப்பாற்றுகிறாளோ? குறுக்கும் நெடுக்குமாகக் கேட்டுப் பார்த்தேன். அவள் மாற்றவில்லை. கடைசியில் கேட்டேன்.

"சரி, எனக்கும் ஒரு கதை பாதியில் நிற்குது. அந்த வரியை எனக்குத் தருவியா?"

கொஞ்சம் யோசித்தாள். "அதை அங்கிளுக்குக் குடுத்துட்டேனேம்மா" என்றாள்.

அட்டையில் அந்த வரியைப் போடலாம் என்று மலர்க் குழுவுக்குச் சொல்லிவிட்டேன். என் சந்தேகம் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சொன்னால் அவரே நம்பமாட்டார். ஆனால் அவரோடு பேசாமல் இத்தனை வருடங்களைக் கழித்தது என் தப்பு. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வி. இந்தக் கட்டுரையை முடித்துத் திரும்பப் படிக்கையில், இதில் உருப்படியாக இருப்பது அவர் சொன்னதும் தாரா சொன்னதும்தான் என்று தெரிகிறது. எதிரே உட்கார்ந்து அவர் கேட்பது காதில் விழுகிறது: "ஜோரா கீது மேடம். யார் வூட்டு சாம்பார்?"