மன்மதன் விடுபட்ட படுதா

தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் தட்டின் இடப்பக்கத்துச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு, இன்னும் பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அவருக்காக எழுதுகிறேன்.

பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறேன். மரத்தில் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி, வலப்பக்கமாகச் சரிந்து மங்குக்கு (பால் வடியும் கிண்ணம்) இறங்கும். ஒரு நாள் காலை எனக்கு ஒதுக்கிய மர நிரையில் எல்லா மரத்திலும் வெட்டு நடுவிலிருந்துதான் தொடங்கியிருந்தது.

"என்ன மச்சான், பாதி மரத்த மாமியாருக்கு எழுதி வச்சிட்டியா?" என்றார் கங்காணி.

நான் சிரித்தேன். என் வாய் கோணியதைப் பார்த்து அவர் சிரிப்பை நிறுத்தினார்.

பாரிசவாதம் (உடம்பின் ஒரு பக்கம் விழுந்துபோகும் நோய்). ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இடக்கை யாரோ விட்டுப்போன பொருள் போலக் கட்டிலில் கிடந்தது.

அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இருந்தார். நான் பண்டிகைக்குப் படம் வரைகிறவன் என்று என் மனைவி முத்தாயி சொன்னதும், தாளும் பென்சிலும் கொடுத்துப் பூ ஒன்று வரையச் சொன்னார். வரைந்தேன்.

"முழுப் பூவோ?"

"முழுசுதாங்க."

தாளைத் தலைகீழாகத் திருப்பினார். நான் போட்ட இதழ்களைக் காணோம். வலப்பக்கம் வெறும் தாள் இருந்தது.

"கண்ணிலை பழுதில்லை. மூளையின்ரை வலப்பக்கத்துக்கு இரத்தம் போகேல்லை. இடப்பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறதையே அது மறந்துபோச்சு. சண்டையிலை தலையிலை குண்டு பட்ட சிப்பாய்மாருக்கும் இப்பிடி வந்திருக்கு. சிலருக்குத் திரும்பும்."

"எனக்கு?"

"படம் கீறிப் பாரும். உம்மடை படந்தான் சொல்லும்."

இரண்டு மாதத்தில் கை அசைந்தது; வீட்டுக்கு அனுப்பினார்கள். காமன் பண்டிகையும் நெருங்கியது. சிவனின் நெற்றிக்கண் மன்மதனை எரிக்கும் கூத்துக்கு, பின்னால் தொங்கும் படுதா ஒவ்வொரு வருஷமும் என் வேலை. இடப்பக்கம் மன்மதன், வலப்பக்கம் ரதி. என்னால் முடியாவிட்டால் தெலுக் ஆன்சனிலிருந்து ஆள் கூப்பிடுவோம் என்றார்கள் கூத்து நடத்துகிறவர்கள். கூச்சக்காரனான என்னை இந்தத் தோட்டம் அறிந்திருந்ததே அந்தப் படுதாவால்தான். நானே வரைகிறேன் என்றேன்.

வரைந்து முடித்து, திருப்தியோடு எல்லாரையும் கூப்பிட்டேன். கங்காணி பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சிவன் கண்ணத் தொறக்குமுன்னயே நீ எரிச்சிட்டியே மச்சான்!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

"யாரை?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் எதுவும் குறைவதாகவே தெரியாதபோது எதைத் தேடுவது?

மறுநாள் முத்தாயி ஒரு சிவப்புக் கயிற்றைப் படுதாவின் இட ஓரத்தில் மேலிருந்து கீழாகத் தைத்தாள்.

"மரத்துல இடப்பக்கம் நேர்கோடு இருக்குல்ல? கத்திய அதுல வச்சுத்தான தொடங்குவீங்க. இங்கயும் கைய இந்தக் கயித்துல வச்சிட்டு அப்புறம் பிரஷைத் தொடுங்க."

"கயிறே கண்ணுல படலியே, புள்ள."

"தடவுங்க. தட்டுப்படுற வரைக்கும் தடவுங்க."

தடவினேன். தலையும் கையின் பின்னால் திரும்பியது. கயிறு தட்டுப்பட்டதும் அதற்கு இப்பால் அவ்வளவு வெள்ளைத் துணி இருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் கயிற்றுக்குப் போய்த் திரும்பினேன். மன்மதன் எட்டு நாளில் வந்தான், கொஞ்சம் ஒல்லியாக.

"காய்ச்சல்ல கிடந்து எழுந்தவன் மாதிரி இருக்கான்லா," என்றார் கங்காணி. "ஆனா வந்துட்டான்."

பண்டிகையன்று அந்தப் படுதாதான் தொங்கியது.

இடப்பக்கம் எனக்கு இப்போது பக்கத்து ஊர் மாதிரி. நினைத்துப் புறப்பட்டால்தான் போய்ச் சேர முடிகிறது. முகம் கழுவவும் நேரமாகிறது. சாப்பிடும்போது நானே தட்டைத் திருப்பிக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் திட்டாமல் தட்டைத் திருப்பி வையுங்கள். கூத்து முடிந்ததும் கயிற்றைப் பிரித்து முத்தாயி எனக்குக் கொடுத்தாள். அதை மரத்துக்கு மரம் இடப்பக்கம் கட்டிக்கொள்ள எடுத்துப்போகலாமா என்று கங்காணியிடம் கேட்டேன். எடுத்து வா என்றார்.

மறுநாள் பெரட்டில் (காலையில் ஆள் எண்ணும் இடம்) நோய்க்குப் பிறகு முதல் தடவையாக என் பேரையும் கூப்பிட்டார்கள். மழை பிடித்துக்கொண்டதால் வெட்டு இல்லை. எல்லாரும் லயத்து வீடுகளுக்குத் திரும்பினோம்.