புது வள்ளம் வாங்கினவள்

சின்ன உருண்டை ரொட்டியை நடுவால் கீறி, சீனி போட்டு அடித்த வெண்ணெயை வழிய வழிய அப்பிய "கிறீம் பணிஸ்" வாசம் மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் எனக்கு முதலில் வருவது பசியல்ல, பொறாமை.

ஊர்காவற்றுறையில் எங்கள் கோயிலில், கார்த்திகை மழையோடு வரும் கிறிஸ்து அரசர் திருநாளுக்கு மறைக்கல்விப் பிள்ளைகள் இயேசு சொன்ன ஓர் உவமையை நாடகமாகப் போடுவது வழக்கம். எனக்குப் பத்து வயதான ஆண்டு, இறையரசை விருந்துக்கு ஒப்பிடும் உவமை வந்தது: அழைக்கப்பட்ட பெரிய மனிதர்கள் வயல் வாங்கினேன், மாடு வாங்கினேன் என்று சாட்டுச் சொல்லி நின்றுவிட, தெருவில் கிடந்த ஏழைகள் உள்ளே வந்து சாப்பிடுவார்கள். கடற்கரைப் பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று எங்களைப் படிப்பித்த கன்னியாஸ்திரி சிஸ்ரர், வயல் வாங்கியவனை வள்ளம் வாங்கியவளாக மாற்றியிருந்தார். வசனமும் பட்டுப்பாவாடையும் உள்ள பாத்திரம் அதுதான் என்று நான் அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். வாய் திறக்கத் தேவையில்லாத பிச்சைக்காரியாக நின்றவள் ஜெசிந்தா. மாதத்தில் ஒரு ஞாயிறு வகுப்புக்கு வந்தால் பெரிய காரியம், வந்தாலும் செபத்தில் பாதியை விழுங்கிவிடுவாள். நானோ கேள்வி பதில் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை பாடமாக்கியவள். இறையரசு என்று ஒன்று இருந்தால் அதில் முன்வரிசைக் கதிரை எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒத்திகையில் எல்லாம் வெறும் தட்டுகள். திருநாளன்று "புது வள்ளம் வாங்கினனான், இண்டைக்கு வர ஏலாது" என்று சொல்லிவிட்டு நான் மேடை ஓரத்துக்குப் போன பிறகுதான், விருந்து மேசையில் மூடியிருந்த துணியை எடுத்தார்கள். ஒரு தட்டம் நிறையக் கிறீம் பணிஸ். சிஸ்ரர் எங்களுக்குச் சொல்லாமல் பேக்கரியில் எடுப்பித்திருந்தார். ஜெசிந்தா ஒன்றைத் தின்று முடித்து, மூக்கு நுனியில் கிறீமோடு இரண்டாவதை எடுத்தாள்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நாடகம் என்பதையே மறந்து, ஒன்றை எடுத்து நீட்டி, "வாவனடி, இன்னும் கிடக்கு" என்றாள். மண்டபம் சிரித்தது. திரைக்குப் பின்னாலிருந்து சிஸ்ரரும் "போ பிள்ளை, போ" என்று கையைக் காட்டினார். நாலு அடி வைத்தால் போதும். ஆனால் அவள் கூப்பிட்டு நான் போவதா? "புது வள்ளம் வாங்கினனான், வர ஏலாது!" என்று முன்னையதைவிடச் சத்தமாகக் கத்தினேன். சனம் கைதட்டியது. என் கண்ணீரையும் நடிப்பென்றே எண்ணிவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, "அவள் கூப்பிட்டவள்தானே, ஏன் போகேல்லை?" என்று கேட்டார்.

"அவள் ஒண்டும் பாடமாக்கேல்லை. அவளுக்கு என்னத்துக்குப் பணிஸ்?" என்று விம்மினேன்.

"தின்னுறதுக்குப் பாடமாக்க வேணுமே, பிள்ளை?" என்றார் அம்மா.

அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள். பேக்கரி இருந்த இடத்தில் போன் கடை. ஜெசிந்தா கனடாவில் இருக்கிறாள். திருநாளுக்கு இப்போது நாடகம் இல்லை, திரையில் படம் காட்டுகிறோம். காட்டுகிறோம் என்கிறேன், ஏனென்றால் இப்போது அந்த வகுப்பை எடுப்பவள் நான். இறையரசு செத்த பிறகு போய்ச் சேரும் இடம் மட்டுமல்ல, இங்கேயே தொடங்கிவிட்ட விருந்து, அங்கே தகுதி பார்த்து எவரையும் உள்ளே விடுவதில்லை, வெளியே நிற்பவரை ஒருவரும் வெளியே நிறுத்துவதுமில்லை என்று அரை மணி நேரம் விளக்குவேன். பிள்ளைகளும் ஒழுங்காக எழுதிக்கொள்வார்கள். ஜெசிந்தாவுக்கு ஒருவரும் அதை விளக்கவில்லை. அவள் உள்ளே போய் இருந்து சாப்பிட்டாள், எனக்கும் ஒன்று எடுத்து நீட்டினாள். நான் இன்னமும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.