செம்பனை லோரிக்காரருக்கு நான் போட்ட கோட்டு

பிரிக்பீல்ட்சில் வெள்ளம் புகுந்து என் கடையிலிருந்த படச் சட்டங்களெல்லாம் ஊறிப்போனதே, அதற்கு அடுத்த வருஷம் இது நடந்தது. அப்போது நான் செத்தவர்களின் படம் வரைந்து பிழைத்துக்கொண்டிருந்தேன். ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் இருக்கும் சின்ன போட்டோவைப் பார்த்து ஆயில் பெயிண்டில் பெரிதாக வரைவேன். கருமாதிக்கு அதை வைத்துத்தான் படைப்பார்கள். பின்னால் சிவப்பு வெல்வெட் திரை வரைவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அந்தத் திரையின் மடிப்புக்கே ஒரு நாள் ஆகும்.

காப்பாரிலிருந்து ஒருவர் வந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக்குலை ஏற்றும் லோரியிலிருந்து விழுந்து அவருடைய மச்சான் இறந்துவிட்டார்.

"கோட்டு, சங்கிலி எல்லாம் போட்டு ஜம்முனு வரைங்கண்ணே. ஆனா ஐ.சி.ய சீக்கிரம் குடுத்துடுங்க, செத்தவங்க கார்ட பதிவு ஆபீசுல ஒப்படைக்கணும்."

மூன்று நாளில் ஐ.சி.யைத் திருப்பிக் கொடுத்தேன். அதை ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

கருமாதிக்கு இரண்டு நாள் முன்பு படத்தை வாங்க இறந்தவரின் மனைவியே வந்தாள். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"யாருண்ணே இது? பேங்க் மேனேஜர் மாதிரி இருக்காரு. இவருக்கு நான் எப்படிப் படையல் போடறது?"

"உங்கண்ணன்தாம்மா கோட்டு கேட்டாரு."

"அவருக்கென்ன லா! எங்காளு கல்யாணத்துக்கே இரவல் சட்டதான் போட்டாரு. அந்தக் கல்யாணப் படத்தையும் போன வருஷ வெள்ளம் கொண்டுபோச்சு. வேற படமே இல்லண்ணே."

ஐ.சி.யும் இல்லை. பெயிண்ட் மட்டும் இன்னும் காயவில்லை. டர்பன்டைனில் துணியை நனைத்தேன்.

"சங்கிலி?"

"ஏது?"

துடைத்தேன். கோட்டு போனது. திரை போனது.

"மீச?"

"இவ்ளோ பெருசு இல்ல."

"வாய்?"

"இப்படி சிரிக்க மாட்டாரு."

கடைசியில் வெளுத்த பலகையில் இரண்டு கண்ணும் ஒரு புருவமும்தான் மிஞ்சின. வாயை மறுபடி போட பிரஷை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்கண்ணே. கண்ணு அவருதான். மிச்சத்த நான் நெனச்சுக்கிறேன்."

கருமாதிக்கு வந்தவர்கள் அரைப்படம் என்று சிரித்தார்களாம். அவள் அதை எடுக்க விடவில்லையாம்.

அதன்பிறகு நான் திரை வரையவில்லை. கொஞ்ச வருஷத்தில் கோட்டு வரைவதை விட்டேன், பிறகு கலரை விட்டேன். கடைசியில் கரிக்கட்டையால் நாலைந்து கோடு, அவ்வளவுதான். "பெயிண்டருக்கு கை போச்சு" என்று வாடிக்கைக்காரர்கள் பங்சார் பக்கம் வேறு பெயிண்டர்களிடம் போய்விட்டார்கள். கடையையும் மூடினேன்.

அதுகூடப் பரவாயில்லை. அந்த மனிதரின் முகம் மூன்று நாள் என் மேசையில் இருந்தது. உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம். நான் தையல்கடைக் காலண்டரில் கோட்டுக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று எவ்வளவு நினைத்தாலும் அந்த வாய் எனக்கு வரவில்லை.

செத்தவர் படம் வரைகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள்: பிரஷை எடுக்கும் முன்னே, செத்துப்போனவருக்கு என்னவெல்லாம் கிடையாது என்று வீட்டில் கேட்கட்டும்.